பாலித் தீவின் இறக்கமும் இடது கை பிரேக்கும்

ஜாபர் பாய்க்கு ஐம்பது வயது நிறைந்தபோது வீட்டில் பிரியாணி போடலாம் என்றார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பிரியாணி எல்லா விசேஷத்துக்கும் போட்டாச்சு மாப்ள. எனக்குச் சுத்திலும் கடல் இருக்கோணும். நடுவால மலை இருக்கோணும். மலை மேலிருந்து கடலப் பாத்து சைக்கிள் உடோணும்" என்றார்.

அவர் கேட்ட லட்சணம் மூன்றும் பாலித் தீவுக்குப் பொருந்தின. அப்படித்தான் உக்கடத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஜாபர் பாயும், கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் குணாவும், கணபதியில் பம்புசெட் பாகங்களுக்கு லேத் ஓட்டும் நானும் ஒரு தீவுக்குப் போய் இறங்கினோம்.

எங்கள் மூவரையும் சேர்த்துவைத்தது மலை சைக்கிள். ஞாயிறு விடிந்தால் பாலமலை அடிவாரம், கல்லும் முள்ளுமாய் ஒரு ஏற்றம், உருண்டு புரண்டு ஒரு இறக்கம், அப்புறம் பெரியநாயக்கன்பாளையத்தில் நின்றுகொண்டே நாலு இட்லி. இதுதான் ஆறு வருஷமாக எங்கள் வாராந்திரப் பிரார்த்தனை. மூன்று வண்டிக்கும் வைத்தியர் நான். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கழற்றிப் பார்த்து, மாட்டத் தெரியாமல் முழித்து, மிச்சமான திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து யோசித்தே கற்றுக்கொண்டேன். அதனால் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த இறக்கத்தில் குணா விழுந்தான். குணாவும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. முந்தின நாள் சாயங்காலம்தான் அவன் மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த எண்ணெய் பிரேக் செட்டை நான் அவன் வண்டியில் மாட்டியிருந்தேன். முதல் இறக்கத்திலேயே ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறந்து விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "எடது கையத்தான்டா அமுக்குனேன். வண்டி அப்புடியே என்னயத் தூக்கி எறிஞ்சுபோட்டுது" என்றான்.

எங்கள் வண்டிகளில் இடது கை பின் சக்கரத்துக்கு, வலது கை முன் சக்கரத்துக்கு. இறக்கத்தில் பின்னதைப் பிடித்தால் வண்டி இழுபடும், நிற்கும். முன்னதை மட்டும் இறுக்கிப் பிடித்தால்தான் ஆளைத் தூக்கி எறியும். அதனால் நான் சிரித்தேன். "வந்த வேகத்துல எடதெது வலதெதுன்னு உனக்கெங்கடா தெரிஞ்சிருக்கும்?" என்றேன். பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். "குணா வேகமா வந்துட்டானுங்க." அது அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் குணா அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை. "எனக்கே என்ற கை மேல நம்பிக்கை இல்லடா" என்பான். உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவர் வண்டியைக் கேட்டிருந்தார். நாங்கள் ஊர் திரும்பிய பின் வரும் புதன்கிழமை வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு. பாலிக்கும் அவன் ஒரு நிபந்தனையோடுதான் வந்தான்.

"கடலப் பாக்க வாரேன். மலைப்பக்கம் நீங்க ரெண்டு பேரும் போங்க."

வந்திறங்கிய முதல் நாள் எங்களுக்குப் பெரிய சோதனை நடப்பதுதான். அந்த ஊரில் கடை வாசல், பாலம், படிக்கட்டு, டாக்சியின் முன்கண்ணாடி என்று பார்த்த இடமெல்லாம் தென்னங்குருத்தில் முடைந்த உள்ளங்கையளவு தட்டு வைத்திருக்கிறார்கள். அதில் பூ, கொஞ்சம் சோறு, ஒரு ஊதுபத்தி. நடைபாதையிலும் அப்படியே. கோலத்தைத் தாண்டியே பழகிய குணா, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தான். ஒரு தட்டில் பிஸ்கட் இருந்தது. இன்னொன்றில் சிகரெட்.

"சாமி கெட்டுப் போயிருமேடா" என்றான் கவலையாக.

"நம்ம கருப்பராயனுக்குச் சுருட்டு வெக்கறதில்லியா? அப்பக் கெடாத சாமி இப்பக் கெட்டுப் போகுதா?" என்றார் ஜாபர் பாய்.

அன்று டாக்சி ஒரு கோயில் ஊர்வலத்தின் பின்னால் மாட்டிக்கொண்டது. வெள்ளைச் சட்டை ஆண்கள், தலையில் பழக்கோபுரம் சுமந்த பெண்கள், காதைப் பிளக்கும் வெண்கலத் தாளம். முக்கால் மணி நேரம். அவிநாசித் தேரன்று ரோட்டில் மாட்டியவன்கூட ஹாரன் அடித்து மனதை ஆற்றிக்கொள்வான். எங்கள் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கிப் போய் வேர்க்கடலை வாங்கிவந்து எங்களுக்கும் கொடுத்தார். முந்திப் போக முடியாதா என்று ஜாபர் பாய் கேட்டதற்கு அவர் சொன்னது: "சாமியை முந்திப் போய் நீங்கள் யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?" நான் உடனே சட்டைப்பையில் இருந்த சீட்டில் குறித்துக்கொண்டேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. நல்ல பேச்சு காதில் விழுந்தால் கீழே விடமாட்டேன்.

ஜாபர் பாய்க்குச் சாப்பாடு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். நாங்கள் தங்கியிருந்த தெருவில் மூன்றாவது கடையில், ஜாவாவிலிருந்து வந்த முக்காடு போட்ட அம்மா ஒருவர் சோறு போட்டார். சோற்றைச் சுற்றி நாலைந்து கூட்டு, வறுத்த மீன், ஒரு ஓரமாக சம்பல். சம்பல் என்பது வேறொன்றுமில்லை, பச்சையாக அரிந்த சின்ன வெங்காயமும் மிளகாயும் தேங்காய் எண்ணெயில் மிதப்பதுதான். சின்ன வெங்காயத்தைப் பார்த்ததும் குணாவுக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்தது. மூன்று தடவை கேட்டு வாங்கினான். கண்ணில் தண்ணீர் ஊற்றியது. கடைக்கார அம்மா சொன்னார்: "அழாமல் சாப்பிடுகிறவருக்கு நான் இரண்டாவது முறை சம்பல் தருவதில்லை. இவருக்கு எத்தனை தடவையும் உண்டு." அதுவும் சீட்டுக்குப் போனது.

இரண்டாம் நாள் முழுக்கக் கடல். மூன்றாம் நாள் மலை.

மலையில் சைக்கிள் வாடகைக்கு விடுபவர் பெயர் வயன். எரிமலையின் தோளில், ஆரஞ்சுத் தோட்டத்துக்கு நடுவே அவர் கொட்டகை. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்காக வாங்கிய வண்டிகள். பேச்சில் இடது வலது என்பதே அந்த மனிதருக்கு வராது. "மலைப்பக்கம் ஒதுங்கு, கடல் பக்கம் திரும்பு" என்பார். "கை மாறும், திரும்பினால் பக்கம் மாறும். மலை எங்கே போகப்போகிறது?" என்று கேட்டார். நம் பக்கத்திலும் வழி கேட்டால் தெக்கால போய் கெழக்கால திரும்புங்க என்றுதானே சொல்கிறார்கள். எனக்கு வயனை உடனே பிடித்துப்போனது.

அப்பேர்ப்பட்டவர், புறப்படும் முன் ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்துக் காட்டி என்னவோ நீளமாக விளக்கினார். நான் தலையை ஆட்டினேன். கேட்டுக்கொண்டு ஆட்டவில்லை. எதிராளி பேசினால் மரியாதைக்கு ஆட்டுவது எங்கள் ஊர்ப் பழக்கம். தவிர, பிரேக்கைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்ல வேண்டுமா?

குணா அன்று எங்களுக்குப் பின்னால் வரும் பிக்கப் வண்டியில் உட்கார்ந்துகொண்டான். "சும்மா காத்து வாங்க வாரேன்" என்றான். ஆனால் ஊரிலிருந்து யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்திருந்த தன் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தான். நானும் ஜாபர் பாயும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

முதல் இறக்கம் ஒன்றும் பெரிதில்லை. கறுப்பு மணல் பாதை, இரண்டு பக்கமும் ஆரஞ்சு மரங்கள். நான் ஆட்டோ வேகத்தில்கூடப் போகவில்லை. குறுக்கே ஒரு கோழி ஓடியது. வழக்கம் போல இடது கையைப் பிடித்தேன்.

வண்டி என்னைத் தூக்கி எறிந்தது.

ஒரு உரக் குவியலில் போய் விழுந்ததால் பிழைத்தேன். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. நான் கண்ணைத் திறப்பதற்குள் பிக்கப்பிலிருந்து குதித்து ஓடிவந்தவன் குணாதான். என் தோளைத் தடவி, காறை எலும்பு நெடுக விரலால் அமுக்கிப் பார்த்தான். எட்டு மாதமாக அந்த எலும்பைப் படித்தவன் அல்லவா?

"இங்க வலிக்குதா? கையத் தூக்கு. இந்தப் பக்கம்? டேய், வேகமா வந்துட்டயா?"

"இல்லடா. வேகமே இல்லடா" என்றேன்.

சொல்லும்போதே எதிரில் கிடந்த வண்டியைப் பார்த்தேன். இடது கைப்பிடியிலிருந்து கம்பி வளைந்து முன் சக்கரத்துக்குப் போனது. இந்த வண்டிகளில் இடதுதான் முன் சக்கரம். காலையில் வயன் அதைத்தான் விளக்கியிருக்கிறார்.

அந்த வளைவை நான் இன்னொரு இடத்தில் பார்த்திருந்தேன். குணாவின் வண்டியில். மச்சான் கொண்டுவந்த பெட்டியில் கைப்பிடிகளும் குழாய்களும் எண்ணெய் நிரப்பிச் சேர்த்தே வந்தன. குட்டைக் குழாய் முன் சக்கரத்துக்கு, நீளக் குழாய் பின்னுக்கு. இடது என்று அச்சடித்த கைப்பிடியோடு குட்டைக் குழாய் வந்தது. இடதை இடது பக்கம் மாட்டினேன், குட்டையை முன்னால் இழுத்தேன், துடைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையால் பிரேக்கைப் பிடித்து எது நிற்கிறது என்று பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். பார்க்கவில்லை.

அவன் இடது கையைத்தான் அமுக்கினான். சொன்னானே. நான்தான் சிரித்தேன்.

அன்று முழுவதும் என்னால் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் குணா துணி துவைக்கப் போனபோது ஜாபர் பாயிடம் சொன்னேன். அவர் குடித்துக்கொண்டிருந்த இஞ்சி டீயைக் கீழே வைத்தார்.

"புதங்கெழம அந்த உடுமலைக்காரரு வண்டிய எடுத்துட்டுப் போவாரு. ஞாயித்துக்கெழம அவரும் குப்புற உழுவாரு. அவருக்கும் வேகம்னு பேரு வெச்சுருவயா?"

"சொல்லிர்றேன் பாய்."

"அவனுக்கு எலும்பு ஒடஞ்சது ஒரு எடத்துலதான் மாப்ள. நீ பேசுனது வேற எடத்துல ஒடச்சுருக்குது. அதையும் சேத்துச் சொல்லு."

இதை நான் சீட்டில் எழுதவில்லை. எழுதாமலே மனதில் இருக்கிறது.

நாலாம் நாள் காலை கடற்கரையில் சொன்னேன். கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் மூங்கில் கை வைத்த மீன்பிடிப் படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. குணா இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். "எங்கூருத் தண்ணி இன்னும் தித்திப்புடா" என்று சொல்லி முடிக்கவும் நான் ஆரம்பித்தேன். பெட்டி, குழாய், நான் சுற்றிப் பார்க்காத சக்கரம், ஆஸ்பத்திரியில் சிரித்தது, வந்தவர்களிடமெல்லாம் சொன்னது. எதையும் விடவில்லை. கடைசியில் குணா இளநீர்க் காயை மணலில் பதனமாக வைத்தான்.

"அப்புடீங்களா" என்றான்.

கோயமுத்தூர்க்காரன் கோபப்பட்டால் சத்தம் வராது, மரியாதை வரும். ஆறாம் வகுப்பிலிருந்து என்னை ஒரு நாளும் அவன் நீங்க என்றதில்லை.

"சரிங்க. நீங்க சொன்னதுக்கு ரொம்ப சந்தோசமுங்க" என்று எழுந்து போனான்.

அன்றைய பொழுதை எப்படிச் சொல்வது? "நீங்க மொதல்ல குளிச்சுட்டு வாங்க." "மீன் வெச்சுக்கறீங்களா?" "ஃபேன் காத்து உங்களுக்குப் போதுங்களா?" சம்பல் கடை அம்மாவுக்கே என்னவோ தட்டுப்பட்டது. குணா சம்பலே கேட்கவில்லை. அவர் ஜாபர் பாயிடம் கேட்டார்: "இந்த இரண்டு பேரும் நேற்றுவரை ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்களே, இன்று ஏன் சம்பந்தி மாதிரி சாப்பிடுகிறார்கள்?" ஜாபர் பாய் எங்கள் பக்கம் திரும்பினார். "உங்க மரியாதை தாங்காம எனக்கு மூச்சு முட்டுதப்பா. வாய் உட்டு ரெண்டு வசவு திட்டிக்குங்களேன்" என்றார். குணா, "பாய்க்கு இன்னுங் கொஞ்சம் சோறு வைங்க" என்று மட்டும் சொன்னான்.

மத்தியானம் நான் அறைக்குத் திரும்பியபோது அவன் வராந்தாவில் நின்று மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு முதுகைக் காட்டியிருந்தான்.

"அம்மணி, நான் வேகமாப் போகலியாமா."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டிருக்க வேண்டும்.

"ஆமா கண்ணு. எடது கையத்தான் அமுக்கிருக்கறேன். சரியாத்தான் அமுக்கிருக்கறேன்."

இதையே மறுபடியும் சொன்னான், முதல் தடவையைவிட மெதுவாக. அப்புறம், "மாடியில நிக்கற வண்டிய யாரும் தொட வேண்டாம்னு சொல்லிப்போடு" என்றான். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தேன். கடற்கரையில் போய் நின்று அழுதேன் என்றால் நம்பமாட்டீர்கள். நின்றேன் என்பது வரைக்கும் நம்புங்கள்.

ஐந்தாம் நாள், அதாவது கடைசி நாள், நானும் ஜாபர் பாயும் மறுபடி மலைக்குக் கிளம்பினோம். கார்க் கதவைத் திறந்தால் குணா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். காலில் ஷூ. வழியெல்லாம் படிக்கட்டு வயல்கள், வயலுக்கு வயல் மூங்கில் மடையில் பிரிந்து போகும் தண்ணீர். வேறு நாளாக இருந்தால் வாய்க்கால் முறைத் தண்ணீரைப் பற்றி அவன் ஒரு மணி நேரம் பேசியிருப்பான்.

கொட்டகையில் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து என் முன்னால் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

"உங்களுக்கு ஒரு வேலைங்க. இத நம்மூருப்படி மாத்திக் குடுங்க."

வயனிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். நல்லவேளை, இவை எண்ணெய் பிரேக் இல்லை, கம்பி பிரேக். இரண்டு கைப்பிடியிலிருந்தும் கம்பியை விடுவித்து, இதை அதிலும் அதை இதிலும் மாட்டி, தொய்வு எடுத்து இறுக்கினேன். பத்து நிமிஷ வேலைதான், எனக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது. பிறகு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி வலது கையைப் பிடித்தேன். நின்றது. பின் சக்கரத்தைச் சுற்றி இடது கையைப் பிடித்தேன். நின்றது.

"மறுக்காப் பாருங்க" என்றான் குணா.

மறுபடி பார்த்தேன். பிறகு அவனே வாங்கி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பார்த்தான். ஹெல்மெட்டின் வாரை மாட்டினான். மாட்டிய பிறகும் ஏறாமல் நின்றான். ஜாபர் பாய் தன் டயரைக் குனிந்து பார்த்தார்.

வயன்தான் அவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அவர் சொன்னதை எங்கள் தமிழில் இப்படிச் சொல்லலாம்: "மலை உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அது விழாது. நீ கடலை மட்டும் பார்."

முதல் சரிவில் குணா இறங்கித் தள்ளிக்கொண்டே போனான். நாங்களும் இறங்கித் தள்ளினோம். இரண்டாவது சரிவில் ஏறினான். இடது கையை விட்டு விட்டுப் பிடித்தான், பின் சக்கரம் மணலில் இழுபட்டு நின்றது. போனான். நிறுத்தினான். போனான். நான் நேற்று முன்தினம் விழுந்த இடம் வந்ததும், என் கை தானாகப் பிரேக்கைத் தேடியது. என் வண்டியில் இன்னும் அவர்கள் ஊர்ப் பழக்கம் என்பதை நினைத்து நினைத்து ஓட்ட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் குணா நிற்கவில்லை. சீட்டிலிருந்து பின்பக்கத்தைத் தூக்கி, முழங்கையை விரித்து, பழைய குணாவாகப் போனான். ஒரு திருப்பத்தில் அவன் முதுகு மறைந்தது. அதற்குப் பிறகு அவன் என் கண்ணில் படவே இல்லை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இறக்கம் முழுக்க நான் பாதையைப் பார்க்கவில்லை, ஓரத்துப் பள்ளங்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கேயாவது ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டு கிடக்கிறதா என்று.

பாதை முடிகிற இடத்தில் ஒரு கோயில், அதன் எதிரே ஒரு பெட்டிக்கடை. கடை பெஞ்சில் குணா உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் கறுப்புப் புழுதி, பல் மட்டும் வெள்ளையாக. இளநீர் பாதிக்கு மேல் குடித்து முடித்திருந்தான். என்னைப் பார்த்ததும் அங்கிருந்தே கத்தினான்.

"டேய்! எனத்தடா இத்தன நேரம்? கொஞ்சம் வேகமாத்தான் வாரது!"

எனக்குப் பின்னால் மூச்சு வாங்க வந்து இறங்கிய ஜாபர் பாய் நெஞ்சில் கை வைத்தார். "அப்பாடா, மரியாதை ஒழிஞ்சுது" என்றார்.

கிளம்பும் முன் வயன் கொட்டகையில் அந்த வண்டியைப் பழையபடி மாற்றிவைக்க உட்கார்ந்தேன். அடுத்து ஏறுகிறவர் எந்த ஊர்க்காரரோ, அவர் இடது கை எதை நம்பி வருகிறதோ. கம்பிகளை மாற்றி, சக்கரத்தைச் சுற்றி, இரண்டு தடவை பிடித்துப் பார்த்தேன். எழுந்திருக்கப் போன என் தோளில் கையை ஊன்றிக் குனிந்து, குணா மூன்றாவது தடவை சுற்றினான்.

"புதங்கெழம உடுமலைக்காரருக்கு என்னடா சொல்லப்போறே?" என்று கேட்டேன்.

"அவருக்கு நீ வேற வண்டி ஒண்ணு செஞ்சு குடு" என்றான், சுற்றுகிற சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "பிரேக்க நான் வந்து பாத்துக்கறேன்."